மணல் கொதிக்குமா? வேதிப் பொறியியலுக்கு வடிவம் தந்த வாரன் லூயிஸ்

ஒரு கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் நுண்துளைகள் நிறைந்த ஒரு தகடு இருக்கட்டும். குழாயில் பாதி உயரத்துக்கு மிக நுண்ணிய மணலைக் கொட்டி, தகட்டின் கீழிருந்து மெல்லக் காற்றைச் செலுத்துங்கள். முதலில் எதுவும் நடக்காது. மணல் துகள்களின் இடுக்குகள் வழியே காற்று நழுவிப் போய்விடும். காற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் ஒரு கட்டத்தில் மணலின் எடை முழுவதையும் காற்றே தாங்கிக்கொள்கிறது. ஒன்றன்மேல் ஒன்று அழுத்திக் கிடந்த துகள்கள் விடுபட்டு மிதக்கின்றன. இன்னும் கொஞ்சம் காற்றைக் கூட்டினால் குமிழ்கள் மேலே வந்து உடைகின்றன. அடுப்பில் கஞ்சி கொதிப்பதைப் போலவே மணல் கொதிக்கிறது!

அந்த மணலைச் சாய்த்தால் தண்ணீரைப் போல வழியும். இரும்புக் குண்டைப் போட்டால் மூழ்கும். மரக்கட்டையைப் போட்டால் மிதக்கும். இந்த நிலையில் இருக்கும் துகள் குவியலைத்தான் பொறியியலில் பாய்மப் படுகை என்கிறோம்.

இதே குழாயை உறுதியான எஃகால் செய்து, சுற்றிலும் மின்சூடேற்றிகளை வைத்து, மணலுக்குப் பதிலாக அலுமினா தூளை நிரப்பினால் அது ஆய்வுக்கூடப் பாய்மப் படுகை உலை. மேசைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய அளவில்கூட இது கிடைக்கிறது. ஓர் எஃகுத் துண்டைச் சூடாக்கிக் கடினப்படுத்திப் பார்க்கவும், தாதுத் தூளை வறுத்து அதன் மாற்றத்தை அளக்கவும், வினையூக்கியைச் சோதிக்கவும், தெர்மோகப்பிள் வெப்பமானிகளைச் சரிபார்க்கவும் இது பயன்படுகிறது.

சாதாரண உலையில் மூலைக்கு ஒரு வெப்பநிலை இருக்கும். பாய்மப் படுகையில் அப்படி இல்லை. துகள்கள் ஓயாமல் சுழன்று வெப்பத்தை எல்லா இடத்துக்கும் சுமந்து செல்வதால், மேலும் கீழும் நடுவிலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். உள்ளே இறக்கும் பொருளும் வெறும் காற்றில் சூடாவதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது.

நான் படிக்கும் வேதிப் பொறியியலில் இந்தக் கொதிக்கும் மணலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு பெயர் கட்டாயம் வரும். அது வாரன் கெண்டல் லூயிஸ். வெப்பப் பரவலையும் பொருள் பரவலையும் ஒப்பிடும் லூயிஸ் எண், இரு வாயு–நீர்மப் படலங்கள் பற்றிய கோட்பாடு, வடித்தெடுத்தல் கோபுரத்தின் கணக்கு என எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அவர் எதிர்ப்படுகிறார். வேதிப் பொறியியலின் தந்தை என்றே பலர் அவரை அழைக்கிறார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு அவர் ஒரு சூத்திரத்தின் பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

பண்ணையிலிருந்து பாஸ்டனுக்கு

அமெரிக்காவின் சின்னஞ்சிறு மாநிலங்களில் ஒன்று டெலவேர். அங்கே லாரல் என்ற ஊருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் 1882 ஆகஸ்ட் 21ஆம் தேதி லூயிஸ் பிறந்தார். உயர்நிலைப் படிப்புக்காக வீட்டைவிட்டு வடக்கே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகருக்குச் சென்றார். அங்கிருந்து 1901ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். இன்று எம்ஐடி என்று உலகம் சொல்லும் அந்தக் கழகம் அப்போது கேம்பிரிட்ஜில் இல்லை. சார்லஸ் ஆற்றுக்கு மறுகரையில், பாஸ்டன் நகரில் இருந்தது.

அவர் எடுத்த பாடம் வேதிப் பொறியியல். இன்று நம் பெற்றோர் கேட்டால் நல்ல படிப்பு என்று தலையசைப்பார்கள். அன்று அது அப்படியொன்றும் நிலைபெற்ற துறை அல்ல. எம்ஐடியில் அந்தப் பட்டப்படிப்பு 1888ல்தான் தொடங்கியிருந்தது. கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் இயந்திரவியல், பிறகு சோப்பு செய்வது எப்படி, சர்க்கரை ஆலை ஓடுவது எப்படி என்று தொழில்வாரியாகத் தகவல்கள். அதைத் தாண்டி, இந்தத் துறைக்கென்று தனிச் சிந்தனை ஏதும் உருவாகவில்லை.

1905ல் பட்டம் பெற்ற லூயிஸ் ஜெர்மனிக்குச் சென்று, பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் 1908ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த நகரம் இன்று வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் போலந்தில் இருக்கிறது. திரும்பி வந்தவர் நியூ ஹேம்ப்ஷயரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் சிறிது காலம் வேலை பார்த்தார். முனைவர் பட்டம் வாங்கியவர் தோல் ஆலைக்கா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் ஆலைத் தளத்தில் நின்று பார்த்த அனுபவம், புத்தகத்தில் எழுதியிருப்பது தொட்டிக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வியை அவருடன் கடைசிவரை வைத்திருந்தது. 1910ல் ஆசிரியராக எம்ஐடிக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் வேறெங்கும் நிரந்தரமாகப் போகவில்லை.

தொழில்களைப் பிரித்தெடுத்த ஆசிரியர்

சர்க்கரை ஆலையும் எண்ணெய் ஆலையும் சாராய ஆலையும் வெவ்வேறு பொருள்களைச் செய்கின்றன. ஆனால் உள்ளே நடப்பவை என்ன? சூடாக்குதல், ஆவியாக்குதல், வடித்தெடுத்தல், வடிகட்டுதல், உலர்த்துதல், அரைத்தல். தொழில் எதுவானாலும் இந்தச் செயல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்படியானால் தொழில்களைத் தனித்தனியாகப் படிப்பதைவிட இந்தச் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் விதிகளைக் கண்டுபிடித்துப் படித்தால் என்ன? 1915ல் ஆர்தர் லிட்டில் என்ற பொறியாளர் இவற்றுக்கு அலகுச் செயல்கள் என்று பெயர் சூட்டினார். அதைப் பாடமாக மாற்றியதில் லூயிஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதல் உலகப் போர் வந்தபோது, நச்சு வாயுவிலிருந்து படைவீரர்களைக் காக்கும் ஆய்வுகளில் அவர் ஈடுபட்டார். போருக்குப் பிறகு 1920ல் எம்ஐடியின் வேதிப் பொறியியல் தனித் துறையானது. அதன் முதல் தலைவர் லூயிஸ். 1929 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1923ல் வில்லியம் வாக்கர், வில்லியம் மெக்கடம்ஸ் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய வேதிப் பொறியியல் கோட்பாடுகள் நூல், துறையின் அடிப்படைப் பாடநூலாயிற்று. நாங்கள் இன்று பயன்படுத்தும் பாடநூல்களின் அத்தியாய வரிசையில்கூட அந்தப் புத்தகத்தின் சாயல் இருக்கிறது.

வகுப்பில் லூயிஸ் அமைதியாக உரை நிகழ்த்துபவர் அல்லர். கேள்வியை எறிவார். பதில் சொன்ன மாணவரை மடக்குவார். மாணவர் பின்வாங்காமல் வாதாடினால் மகிழ்வார். ஒரு டாலருக்கு ஒரு டோனட் என்று பந்தயம் கட்டுவது அவருடைய பழக்கம். அவரைப் பற்றிய வகுப்பறைக் கதைகளைப் பழைய மாணவர்கள் பின்னாளில் ஒரு சிறு நூலாகத் தொகுத்தபோது, அந்தப் பந்தயத்தையே தலைப்பாக வைத்தார்கள்.

நம் வகுப்புகளில் ஆசிரியர் கேள்வி கேட்டதும் எல்லாரும் மேசையைப் பார்ப்போம். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். லூயிஸின் வகுப்பில் தவறான பதிலைவிட, காரணம் சொல்ல முடியாத சரியான பதில்தான் ஆபத்தானது.

எண்ணெயை உடைக்கும் சிக்கல்

இப்போது கொதிக்கும் மணலுக்கு வருவோம். பாய்மப் படுகையை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர் லூயிஸ் அல்லர். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் விங்க்லர் 1920களில் நிலக்கரித் தூளை இப்படி மிதக்கவைத்து வாயுவாக மாற்றும் முறையை உருவாக்கினார். 1926ல் லொய்னா நகரில் அது ஆலையாகவே இயங்கத் தொடங்கியது. ஆனால் அங்கே துகள்கள் ஒரே கலத்துக்குள் இருந்தன. அமெரிக்காவின் எண்ணெய் நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டது வேறு.

கச்சா எண்ணெயில் கனமான பகுதி அதிகம். அதன் நீண்ட மூலக்கூறுகளை உடைத்தால் பெட்ரோல் கிடைக்கும். வெறும் வெப்பத்தால் உடைப்பதைவிட வினையூக்கியைக் கொண்டு உடைத்தால் பெட்ரோலின் தரம் உயர்கிறது. இதை ஆலை அளவில் நடத்திக் காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி. 1937ல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில் அவருடைய முறை முழு அளவில் ஓடியது.

அதில் ஒரு தொல்லை இருந்தது. எண்ணெய் உடையும்போது வினையூக்கியின் மேல் கரி படியும். சில நிமிடங்களிலேயே அது செயலிழந்துவிடும். வினையூக்கி கலத்துக்குள் அசையாமல் கிடப்பதால், எண்ணெயை நிறுத்தி, காற்றை விட்டுக் கரியை எரித்து, மீண்டும் எண்ணெயை அனுப்ப வேண்டும். ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த மாற்றம். ஒரு கலம் வேலை செய்ய, மற்றொன்று கரியை எரித்துக்கொண்டிருக்கும். எத்தனை வால்வுகள், எத்தனை இயந்திரங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1938ல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனமும் வேறு சில எண்ணெய், பொறியியல் நிறுவனங்களும் சேர்ந்து இதற்கு மாற்று வழி தேடத் தொடங்கின. வினையூக்கியை மாவு போலத் தூளாக்கினால் அதை ஓடவைக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. எண்ணெய் உடையும் கலத்திலிருந்து கரி படிந்த தூள் வெளியேறி, கரி எரியும் கலத்துக்குப் போக வேண்டும். அங்கே சுத்தமாகிச் சூடேறி மறுபடி முதல் கலத்துக்கு வர வேண்டும். எதையும் நிறுத்த வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நிமிடத்துக்குப் பல டன் சூடான தூளை எப்படி ஓடவைப்பது?

குழாய்க்குள் ஒரே ஒரு கேள்வி

ஸ்டாண்டர்ட் ஆயிலின் ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்த லூயிஸும், அவருடைய சக பேராசிரியர் எட்வின் கில்லிலண்டும் இந்தச் சிக்கலை எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதுநிலை மாணவர்கள் அதில் சோதனை செய்தார்கள். அங்கே எண்ணெய் ஆலையின் சிறிய பொம்மையை அவர்கள் கட்டவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குழாயும் தூளும் காற்றும் போதுமானவையாக இருந்தன. ஏனென்றால் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

நுண்ணிய ஒரு தனித் துகள் காற்றில் விழும் வேகம் மிகக் குறைவு. கணக்குப்படி பார்த்தால், அதைவிட வேகமாகக் காற்றை மேலே அனுப்பினால் தூள் முழுவதும் புகைபோக்கி வழியே பறந்துவிட வேண்டும். அப்படியானால் காற்றை மிக மெதுவாகத்தான் அனுப்ப முடியும். அந்த வேகத்தில் ஓர் ஆலை நடத்தினால் அது கட்டுப்படியாகாது. தூள் கூட்டமாக இருக்கும்போதும் தனித் துகளின் விதியே செல்லுமா? இதுதான் கேள்வி.

செல்லாது என்று குழாய் காட்டியது. துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு நிற்பதால், தனித் துகளை அடித்துச் செல்லும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் வாயு சென்றாலும் அடர்த்தியான படுகை நிலைத்து நின்றது. கொஞ்சம் தூள் மேலே பறந்தாலும் அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஸ்டாண்டர்ட் ஆயிலின் டொனால்ட் கேம்பல், ஹோமர் மார்ட்டின், எகர் மர்ஃப்ரி, சார்ல்ஸ் டைசன் ஆகிய நால்வரும் இதை ஆலையாக வளர்த்தெடுத்தார்கள். நிமிர்ந்த குழாயில் நிற்கும் மிதக்கும் தூள், தண்ணீர்த் தூணைப் போலவே அடியில் அழுத்தத்தைத் தருகிறது. உயரமான தொட்டியிலிருந்து நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருவதில்லையா? அதே தத்துவத்தில், தூளைத் தள்ள இயந்திரம் இல்லாமலேயே தூள் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு ஓடியது. ஒரு முன்னோட்ட ஆலையில் சோதித்த பிறகு, 1942 மே 25ஆம் தேதி லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜில் முதல் பெரிய ஆலை இயங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 13,000 பீப்பாய் எண்ணெய் அதில் ஓடியது.

தேதியைக் கவனித்தீர்களா? அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மலாயாவின் பால்மரத் தோட்டங்களும் அவர்கள் கைக்குப் போயின. நம் கொள்ளுத் தாத்தாக்களும் பாட்டிகளும் விடியற்காலையில் பால் வெட்டிய அதே தோட்டங்கள்தான். அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரின் பெரும்பகுதி அத்துடன் நின்றுபோனது. லாரிச் சக்கரத்துக்கும் விமானச் சக்கரத்துக்கும் செயற்கை ரப்பர் வேண்டும். புதிய ஆலைகள் விமானப் பெட்ரோலைத் தந்ததோடு, செயற்கை ரப்பருக்குத் தேவையான பியூட்டாடையீன் செய்வதற்கான மூலப்பொருளையும் தந்தன. வரலாற்று வகுப்பில் சிங்கப்பூரின் வீழ்ச்சியைப் படித்தபோது, அதன் மறுமுனை ஒரு வேதிப் பொறியியல் பாடத்தில் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

இன்றும் உலகெங்கும் நூற்றுக்கணக்கான சுத்திகரிப்பு ஆலைகளில் இந்த முறை இயங்குகிறது. சுமார் 500 டிகிரி செல்சியஸில் எண்ணெய் உடைகிறது. அடுத்த கலத்தில் 600 டிகிரிக்கும் மேல் கரி எரிகிறது. அந்த எரிப்பின் வெப்பத்தைத் தூளே சுமந்துவந்து எண்ணெயை உடைக்கக் கொடுக்கிறது.

சிறியது சொல்லாமல் விடுவது

இவ்வளவு படித்ததும், ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்றால் ஆலையிலும் வெற்றிதான் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நம்பி ஏமாந்த கதையும் இதே துறையில் உண்டு.

போருக்குப் பிறகு வேறு சில நிறுவனங்கள் சேர்ந்து டெக்சஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில்லில், இயற்கை எரிவாயுவிலிருந்து பெட்ரோல் செய்யும் பெரிய ஆலையைக் கட்டின. அதன் மையத்திலும் ஒரு பாய்மப் படுகைதான் இருந்தது. சிறிய கலத்தில் நன்றாக வந்த விளைச்சல் பெரிய கலத்தில் வரவே இல்லை. 1950களிலேயே ஆலை மூடப்பட்டது.

காரணம் குமிழ்கள். ஒல்லியான குழாயில் குமிழ் குழாயின் அகலத்தைத் தாண்டி வளர முடியாது. சில மீட்டர் அகலமான கலத்தில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து விரைந்து மேலே ஓடிவிடும். அவற்றுக்குள் இருக்கும் வாயு துகள்களைத் தொடாமலே தப்பிவிடும். பிற்பாடு, 1960களில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் டேவிட்சன் போன்றவர்கள் குமிழ்களின் கணக்கைத் தெளிவாக்கினார்கள்.

ஆய்வுக்கூட உலை பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்வதும் இல்லை. ஓர் எஃகுத் துண்டு இத்தனை டிகிரியில் இத்தனை நிமிடத்தில் எவ்வளவு கடினமாகும் என்று கேட்டால், சிறிய உலை நேர்மையாகப் பதில் சொல்லும். ஏனென்றால் பெரிய உலையிலும் அந்தத் துண்டுக்குத் தெரிவது வெப்பநிலையும் நேரமும்தான். ஆனால் பத்து மீட்டர் அகலக் கலத்தில் வாயு எப்படி ஓடும் என்று அதனிடம் கேட்கக் கூடாது. தன் குழாயிடம் லூயிஸ் கேட்டது, அந்தக் குழாயால் பதில் சொல்லக்கூடிய கேள்வி. நான் செய்முறை அறிக்கை எழுதும்போது முடிவுரைக்கு முன் இப்போதெல்லாம் ஒரு பத்தி சேர்க்கிறேன். இந்தச் சோதனை எதைக் காட்டவில்லை என்பது அந்தப் பத்தி. அதற்கு மதிப்பெண் தனியாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அணுகுண்டும் ஒரு குழுவும்

லூயிஸின் வாழ்க்கையில் மிகக் கனமான பகுதி இனிமேல்தான் வருகிறது. 1942 நவம்பரில் அமெரிக்க இராணுவம் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. அணுகுண்டுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கப் பல வழிகளை விஞ்ஞானிகள் முயன்றுகொண்டிருந்தார்கள். எல்லாமே ஆய்வுக்கூட அளவில்தான் இருந்தன. இவற்றில் எதை ஆலையாகக் கட்டலாம் என்று மதிப்பிடும் குழுவுக்கு லூயிஸ் தலைவர்.

குழுவினர் நியூயார்க், சிகாகோ, பெர்க்லி என்று ஊர் ஊராகப் போனார்கள். 1942 டிசம்பர் 2ஆம் தேதி, சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நிகழ்த்தியபோது இவர்களும் அந்த ஊரில்தான் இருந்தார்கள். குழுவில் இளையவரான கிராஃபர்ட் கிரீன்வால்ட் மட்டும் அதை நேரில் பார்க்க அனுப்பப்பட்டார்.

சில நாள்களில் அறிக்கை தயாரானது. யுரேனியத்தை வாயுவாக்கி நுண்துளைச் சவ்வுகள் வழியே செலுத்திப் பிரிக்கும் முறைக்கே குழு முதலிடம் தந்தது. மின்காந்த முறையைச் சிறிய அளவில் வைத்துக்கொண்டால் போதும் என்று கருதியது. ஆனால் மேலிடம் மின்காந்த ஆலையையும் பெரிதாகவே கட்டியது. கடைசியில் ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியம் தன் இறுதிச் செறிவை அடைந்தது அந்த மின்காந்த ஆலையில்தான். அறிவிற் சிறந்த ஒரு குழுவாலும் சிறியதைப் பார்த்துப் பெரியதை முழுவதுமாகக் கணிக்க முடியவில்லை. 1943ல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் திட்டத்தை ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார்.

1945 ஆகஸ்ட்டில் என்ன நடந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் துன்பப்பட்ட நம் ஊரில் அந்தக் குண்டுகளைப் போரை முடித்தவை என்று நினைவுகூரும் முதியவர்கள் இருந்திருக்கிறார்கள். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் ஒரு நொடியில் எரிந்துபோன பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு லூயிஸின் கதையைச் சொல்வது நியாயமாகாது. எண்ணெய் ஆலையில் மனிதர்களுக்கு உதவிய அதே மதிப்பிடும் திறன்தான் இந்தக் குழுவிலும் உட்கார்ந்திருந்தது. திறனுக்குத் தானாக எந்தத் திசையும் கிடையாது.

பொறியாளருக்கு வரலாறு எதற்கு?

1947 ஜனவரியில் எம்ஐடி தன் கல்வி முறையை அடியிலிருந்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதற்கும் தலைவர் லூயிஸ்தான். வாழ்நாள் முழுவதும் ஆலைகளையும் குழாய்களையும் பற்றிப் பேசிய அந்த அறுபது வயதைக் கடந்த பொறியாளரிடமிருந்து, இன்னும் கூடுதலாகக் கணக்கும் அறிவியலும் கற்பிக்க வேண்டும் என்ற பரிந்துரையைத்தான் பலர் எதிர்பார்த்திருப்பார்கள்.

1949 டிசம்பரில் வெளியான அறிக்கை வேறு திசையில் போனது. தொழில்நுட்பத்தின் கேள்விகளும் சமூகத்தின் கேள்விகளும் இனிமேல் பிரிக்க முடியாதவை என்பது அதன் சாரம். எனவே மனிதவியலும் சமூகவியலும் பொறியியல் மாணவருக்கு ஒப்புக்குத் தரும் துணைப்பாடமாக இருக்கக் கூடாது. அறிவியலுக்கும் பொறியியலுக்கும் நிகரான ஒரு தனிப் பள்ளியாகவே அது எம்ஐடியில் அமைய வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. 1950ல் அந்தப் பள்ளி உருவானது. இன்றும் அங்கே பொறியியல் படிக்கும் ஒவ்வொருவரும் வரலாறு, இலக்கியம், பொருளியல் போன்ற பாடங்களைக் கணிசமாக எடுத்தே ஆக வேண்டும்.

இங்கே நம் பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் மாணவர்களுக்குப் பொதுப்பாடங்கள் உண்டு. அவற்றைப் பற்றி என் நண்பர்கள் பேசிக்கொள்வது எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எது எளிது, எதில் கட்டுரை குறைவு, எதில் நல்ல மதிப்பெண் வாங்கலாம் என்பதே பேச்சு. நானும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டவன்தான். வெப்பப் பரிமாற்றத்துக்கு நேரம் போதாதபோது நெறியியல் கட்டுரை எழுதுவது சுமையாகத்தான் தெரிகிறது.

லூயிஸின் வாழ்க்கையை வரிசையாகப் படித்த பிறகு அந்தப் பாடத்தை வேறு கண்ணால் பார்க்கிறேன். ஓர் உலையின் அடியில் காற்றை எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று கணக்கிட எனக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த உலையில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, அதன் புகை யார் வீட்டுப் பக்கம் போகும் என்ற கேள்விகளுக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கவும் எங்கேயாவது பழக வேண்டும் அல்லவா?

ஒரு நீண்ட வாழ்வு

லூயிஸுக்கு விருதுகள் நிறைய வந்தன. 1936ல் பெர்க்கின் பதக்கம், 1947ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பிரீஸ்ட்லி பதக்கம், 1965ஆம் ஆண்டுக்கான தேசிய அறிவியல் பதக்கம். வேதிப் பொறியியல் கல்வியில் சிறந்து விளங்குவோருக்கு அமெரிக்க வேதிப் பொறியாளர் கழகம் தரும் விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது. 1975 மார்ச் 9ஆம் தேதி, தம் 92ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இளையர்களே, உங்களில் சிலர் ஜூரோங் தீவில் வேலைக்குப் போகலாம். சிலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உலையையும் வால்வையும் தொட்டுப் படித்துக்கொண்டிருக்கலாம். இன்னும் சிலர் உயர்நிலைப் பள்ளியில், அறிவியலா கலையா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். லூயிஸ் நமக்கு விட்டுச் சென்றதைச் சூத்திரங்களில் மட்டும் தேடவேண்டாம். சோதனையைத் தொடங்கும் முன், இது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். கலையா அறிவியலா என்று யோசிப்பவர்களோ, இரண்டில் ஒன்றை எடுத்ததும் மற்றதை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். பண்ணையில் பிறந்து மணலைக் கொதிக்கவைத்த அந்தப் பொறியாளர், தம் அறுபதுகளில் எழுதிய மிக முக்கியமான அறிக்கை வரலாற்றையும் இலக்கியத்தையும் பற்றியதாகவே இருந்தது.